எங்கள் காட்டில் முதல் பட்டி

எங்கள் நிலத்தில் முதன்முதலாகக் கடலை முளைத்து இலை விட்ட நாளிலிருந்து என் வீட்டுக்காரர் வரப்பைத் தாண்டி உள்ளே கால் வைக்கவில்லை. நிலம் எங்களுடையதுதான். பட்டா அவர் பேரில்தான் இருக்கிறது. வெறும் மண்ணாக இருந்தவரை உள்ளே தாராளமாக நடந்தார், கல் பொறுக்கினார், டிராக்டர்காரருக்கு மூலை காட்டினார். பச்சை தெரிந்ததும் வெளியே வந்துவிட்டார். அதற்குப் பிறகு காலையில் எழுந்தால் வரப்பு மேலேயே சுற்றி வருவார். மத்தியானம் அதே வரப்பில் உட்கார்ந்து சாப்பிடுவார். முதலில் எனக்கு இது கண்ணில் படவே இல்லை. பட்ட பிறகு சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை.

நாங்கள் செம்மறி ஆடு மேய்த்துப் பிழைத்தவர்கள். தை பிறந்தால் கிளம்பி, மோகனூர் தாண்டிக் காவிரிக்கரையில் நெல் அறுத்த வயல் வயலாகப் பட்டி போட்டுக்கொண்டே போய், ஆடிக்குத் திரும்பி வருவோம். பட்டி என்றால் வேறொன்றும் இல்லை. மூங்கில் படல்களை வட்டமாக நிறுத்தி இரவு முழுக்க ஆடுகளை உள்ளே அடைத்து வைப்பது. புழுக்கையும் மூத்திரமும் அந்த வயலுக்கு உரம். மறுநாள் படலைப் பெயர்த்துப் பக்கத்தில் போடுவோம். எங்கள் பிழைப்பில் எதை மறந்தாலும் ஒன்றை மறக்கக் கூடாது. வெள்ளாமை நிற்கிற காட்டில் ஆட்டுக் காலும் படக் கூடாது, ஆள் காலும் படக் கூடாது. காடு என்று நாங்கள் சொல்வது மானாவாரி நிலத்தை. அதன் சொந்தக்காரர் எங்களுக்குக் காட்டுக்காரர். அவர் வந்து, "இங்க போடுங்க" என்று இடம் காட்டாமல் முதல் படலை ஊன்ற மாட்டோம். மண்டையைப் பிளக்கிற வெயிலானாலும் வெளியேதான் நிற்போம்.

நிலம் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவள் நான்தான். இதில் அவர் மேல் பழி போட ஒன்றும் இல்லை. எங்களுக்கு ஒரே மகள். ஒவ்வொரு வருடமும் தை மாதம் அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்திக் கூட்டிக்கொண்டு போனோம். எப்படியோ வகுப்பு வகுப்பாக மேலே ஏற்றி விட்டார்கள். ஆனால் எந்தப் புத்தகத்திலும் கடைசி நாலு பாடத்தை அவள் கண்ணால் பார்த்ததில்லை. அவள் படித்த வரலாற்றில் வெள்ளைக்காரன் வந்தான், கோட்டை கட்டினான், வரி போட்டான். அவன் திரும்பிப் போனானா இல்லையா என்பது அவளுக்குத் தெரியாது. ஒருநாள் பட்டி ஓரத்தில் உட்கார்ந்து அவள் இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நானும் பத்தாவது வரை படித்தவள். பத்தாவது பரீட்சையையாவது இவள் முழுப் புத்தகம் படித்து எழுத வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

அதிலிருந்து வீட்டுக்காரரை நச்சரித்து நச்சரித்து, இருந்த ஆடுகளில் பாதியை விற்க வைத்தேன். மீதியை என் கொழுந்தனார் தன் மந்தையோடு சேர்த்துக்கொண்டார். ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில் இரண்டரை ஏக்கர் காடு வாங்கினோம். அதிலேயே சிமெண்டு அட்டை போட்டு ஓர் அறை, ஒரு சமையல்கட்டு, ஒரு பசு, ஒரு பழைய டி.வி.எஸ். வண்டி. மகள் பஸ்ஸில் பள்ளிக்குப் போய் வந்தாள். நான் கேட்டது எல்லாம் கிடைத்துவிட்டது. அதற்குப் பிறகுதான் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

ஆடு என்றால் எழுந்ததும் அது நம்மை ஒரு பக்கம் இழுக்கும். பயிரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? விடிந்து போய்ப் பார்த்தால் நேற்று இருந்த இடத்திலேயே இருக்கிறது. கடைக்குப் போனால் கால் லிட்டர் எண்ணெயும் இரண்டு கிலோ அரிசியும் வாங்கிக்கொண்டு வருவேன், தலைச்சுமையில் அதற்கு மேல் தாங்காது என்ற பழைய கணக்கில். ஒருநாள் வீட்டுக்காரர் இருபத்தைந்து கிலோ மூட்டையைக் கொண்டுவந்து இறக்கினார். அதைப் பார்த்ததும் எனக்குப் பயமாக இருந்தது. இதை எப்படித் தூக்கிக்கொண்டு போவோம் என்றுதான் முதலில் தோன்றியது. எங்கேயும் போகப் போவதில்லை என்பது அதற்குப் பிறகு நினைவுக்கு வந்தது. நினைவு வந்ததும் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும் இல்லையா? அப்படி ஒன்றும் ஆகவில்லை.

மழை கதை இன்னும் மோசம். ஆடு வைத்திருப்பவர்களுக்கு மழை ஆகாது. பட்டி சேறாகும், குளம்பு புழுக்கும், குட்டி விறைத்துச் சாகும். விதைத்து ஒரு வாரத்தில் வடகிழக்கே மேகம் கறுத்து வந்தது. நான் பழக்க தோஷத்தில் வெளியே ஓடி, கைக்குக் கிடைத்த சாக்கை எல்லாம் உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டு, "நாசமாப் போற மழ, இன்னைக்கா வரோணும்?" என்று சத்தமாகத் திட்டினேன். பக்கத்துக் காட்டுக்கார அம்மா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பரம்பரையாக அங்கேயே பண்ணையம் செய்கிறவர்.

"ஏனுங்க, வெதச்சுப்போட்டு மழையத் திட்டற ஆள நான் இன்னைக்குத்தானுங்க பாக்கறேன்" என்றார். பிறகு வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தார். நானும் அசடு வழிய நின்றேன்.

களை எடுக்கும் சமயத்தில் என்னைப் பிடித்து நிறுத்திக் கேட்டதும் அவர்தான். "கோவிச்சுக்காதீங்க. உங்க ஊட்டுக்காரரு காட்டுக்குள்ள எறங்கவே மாட்டாராட்ட இருக்குதுங்க? களை கடலைக்கு மேல நிக்குது. அவரு வரப்பு மேல காவக்காரராட்டம் சுத்தீட்டு இருக்கறாரு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் காவல்தான் காத்துக்கொண்டிருந்தார். எந்த இடத்தில் வேலி தாழ்ந்தால் ஆடு தலையை விடும், எந்தச் சந்தில் குட்டி நுழையும் என்று அவருக்கு அத்துப்படி. வேலிக்காத்தான் முள்ளை வெட்டி வெட்டி அடைத்திருந்தார். அந்தச் சுற்றுவட்டாரத்தில் அப்படி ஒரு வேலி கிடையாது. ஓணான் புகுந்தால் உண்டு. அந்த வேலிக்குள்ளே கோரையும் அறுகும் கொண்டாட்டமாக வளர்ந்துகொண்டிருந்தன.

நான் களைக்கொத்தை அவர் கையில் திணித்தேன். "எறங்குங்க" என்றேன்.

"வெள்ளாம நிக்குது பாரு" என்றார்.

"நம்ம வெள்ளாமதானுங்க."

"அது தெரியும் போ."

தெரியும் என்றார், ஆனால் நகரவில்லை. எனக்கு ஆத்திரம் வந்து அவர் கையைப் பிடித்து இழுத்தேன். செருப்பை வரப்பிலேயே கழற்றிவிட்டு இறங்கினார். இரண்டு சாலுக்கு நடுவே, ஒரு செடி மேலும் படாமல், ஒரு காலுக்கு முன்னால் இன்னொரு காலை வைத்து நடந்தார். ஆற்றில் கழுத்தளவு தண்ணீரில் ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு போன மனிதர். குத்த வைத்து ஒரு முழம் களை எடுப்பதற்குள் ஐந்து தடவை திரும்பி, வேலியில் ஆள் நுழைகிற கடவைப் பார்த்தார். நான் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். "யாரு வந்து உங்களப் புடிக்கப் போறாங்க?" என்று கேட்டேன்.

கேட்ட வாய் மூடுவதற்குள் எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. மகள் கைக்குழந்தையாக இருந்தபோது, ஆத்தூர்ப் பக்கம், எங்கள் ஆடுகள் நாலைந்து ஒருவருடைய பருத்திக்குள் பாய்ந்துவிட்டன. அந்தக் காட்டுக்காரர் அடிக்கவில்லை. சாய்ந்த செடிகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தி மண் அணைக்கச் சொன்னார். பிழைக்காது என்று தெரிந்த செடியையும் விடவில்லை. காலையில் ஆரம்பித்துப் பொழுது சாயும்வரை இவர் குனிந்து நிமிர்த்திக்கொண்டே இருந்தார். ஊர்க்காரர்கள் வரப்பில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். நான் குழந்தையை வைத்துக்கொண்டு ரோட்டோரம் உட்கார்ந்திருந்தேன். அதைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசியதில்லை. என் சிரிப்பு எனக்கே கசந்தது. பக்கத்துச் சாலில் உட்கார்ந்து களை எடுத்தேன். அவரும் எடுத்தார்.

கடலை பரவாயில்லாமல் காய்த்தது. கார்த்திகையில் பிடுங்கி ஆய்ந்து முடித்தோம். காடு மறுபடி வெறும் மண்ணாக ஆனதும் அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. அதைப் பார்த்து என் முகம் வாடியது. அடுத்து தை வரப் போகிறது.

மந்தையை நடத்திக்கொண்டு போக இரண்டு ஆண்கள் வேண்டும். கொழுந்தனார் ஒற்றை ஆளாகச் சிரமப்பட்டுக்கொண்டிருந்தார். போகிற வழியில் எங்கள் காட்டில் ஐந்து நாள் பட்டி போட்டுவிட்டுப் போவதாக ஏற்பாடு. அண்ணனும் கூட வந்தால் நன்றாக இருக்கும் என்று போனில் இரண்டு தடவை சொல்லிவிட்டார். இவர் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. "பாக்கலாம்" என்றார். மகள் பத்தாவது. தை மாதம் முழுக்க அவளுக்குத் திருப்புதல் பரீட்சை. இவர் கிளம்பினால் இந்த முள்வேலிக்குள் நானும் அவளும் பசுவும்தான். அது முடியாத காரியம் ஒன்றும் இல்லை. ஆனால் இவர் ஒரு தடவை கிளம்பிவிட்டால் அடுத்த வருடமும் கிளம்புவார். நான் தனியாக இங்கே உட்கார்ந்து என்ன செய்வேன்? அப்புறம் நானும் ஒருநாள் மூட்டை கட்டுவேன். மகள் படிப்பு மறுபடி பாதியில் நிற்கும். இதையெல்லாம் மனதுக்குள்ளேயே ஓட்டிக்கொண்டிருந்தேன், அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் போகிறேன் என்று சொல்லிவிடுவாரோ என்று பயம்.

பொங்கல் கழிந்து இரண்டாம் நாள் நாமக்கல் போனவர் புது டயர் செருப்போடு வந்தார். லாரிப் பட்டறைகள் இருக்கிற ரோட்டோரத்தில் பழைய டயரை வெட்டிச் செருப்பு தைக்கிற ஒருவர் இருக்கிறார். மந்தையோடு கிளம்புவதற்கு முன்னால் வருடா வருடம் அவரிடம்தான் வாங்குவோம். செருப்பை வாசலில் கழற்றி வைத்துவிட்டு இவர் பாட்டுக்குப் பசுவுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். நான் அந்தச் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன். அடுப்பில் குழம்பு அடிப்பிடித்தது.

மறுநாள் மத்தியானம் மந்தை வந்தது. இருநூறு ஆட்டுக்கு மேல் இருக்கும். நான் சமையல்கட்டில் இருந்தேன். கத்தல் கேட்கிறதே தவிர, உள்ளே வருகிற மாதிரித் தெரியவில்லை. எட்டிப் பார்த்தேன். வேலிக் கடவுக்கு வெளியே கொழுந்தனார் கோலை ஊன்றிக்கொண்டு நிற்கிறார். இவரும் வெளியே போய் அவர் பக்கத்தில் அதே மாதிரி நிற்கிறார். இரண்டு பேரும் காட்டையே பார்க்கிறார்கள். ஆடுகள் ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்கின்றன. பின்னால் ஒரு முட்டை வண்டி ஹாரன் அடித்து ஓய்ந்துவிட்டது.

"ஏன் நிக்கறீங்க?" என்றேன்.

"எங்கீங்க அண்ணி போடறது?" என்றார் கொழுந்தனார். "காட்டுக்காரரு வந்து சொல்லட்டும்னு நிக்கறோம்." அவர் கேலிக்குச் சொன்னாரா நிஜமாகச் சொன்னாரா என்று எனக்குப் புரியவில்லை. இவரைப் பார்த்தேன். இவர் முகத்தில் கேலியே இல்லை. யாரோ வரப் போகிறார்கள் என்பது போலத்தான் நின்றார்.

"மேக்கால மூலைல இருந்து போட்டுட்டு வாங்க" என்றேன். என் வாயிலிருந்து அது வந்தபோது எனக்கே கூச்சமாக இருந்தது. இரண்டு பேரும் உடனே, "ஆகட்டுங்க" என்றார்கள். கட்டிய புருஷன் என்னிடம் ஆகட்டுங்க என்கிறார்! ஆடுகள் உள்ளே பாய்ந்தன.

பட்டி போடுகிறவர்களுக்குக் காட்டுக்காரர் வீட்டிலிருந்து சோறு போக வேண்டும். ஐந்து நாளும் நானே ஆக்கி, நானே சுமந்துகொண்டு போனேன். போட்டுவிட்டு வந்துவிடுவதுதான் முறை. நான் அங்கேயே மண்ணில் உட்கார்ந்து அவர்களோடு சேர்ந்து சாப்பிட்டேன். குட்டிகளைக் கூடை போட்டு மூடினேன், நொண்டுகிற ஆட்டுக்குக் குளம்பில் முள் எடுத்தேன். பக்கத்துக் காட்டுக்கார அம்மா பார்த்துவிட்டு, "ஊட்டுல ஆள் இல்லாம கெடக்குது, நீங்க இங்கயே குடி வந்தாச்சாட்ட இருக்குதுங்க" என்றார். அந்த ஐந்து நாளும் இவர் கிளம்புவாரா மாட்டாரா என்ற பயம் ஒரு பக்கம். நெடுநாள் கழித்து எனக்குப் பசித்துச் சாப்பிடத் தோன்றியதும் அந்த ஐந்து நாள்தான். இரண்டும் எப்படி ஒன்றாக இருந்தன என்று இன்று வரை எனக்கு விளங்கவில்லை.

ஆறாம் நாள் விடிந்ததும் படலைப் பெயர்த்துக் கட்டினார்கள். இவர் புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டு, தோளில் துண்டோடு, மந்தைக்கு முன்னால் போய் ரோட்டில் நின்றார். லாரிகளைக் கை காட்டி நிறுத்தினார். நான் அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலில் நின்று பார்த்தேன். போகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லையே. மகள் உள்ளே தலை வாரிக்கொண்டிருந்தாள். மந்தையின் வால் பகுதியில் அன்று விடிகாலை போட்ட குட்டி ஒன்று ஈரம் காயாமல் தள்ளாடியது. அதைத் தூக்க ஆள் இல்லை. நான் போய்த் தூக்கிக்கொண்டேன். தூக்கியவள் நடந்தேன்.

இவரைப் பிடித்து மறிக்கத்தான் நடந்தேன். அப்படித்தான் அப்போது நினைத்தேன். முன்னால் போகிறவரை எட்டிப் பிடித்து என்னென்ன கேட்க வேண்டும் என்று வாய்க்குள் அடுக்கிக்கொண்டே போனேன். பெற்ற பிள்ளை பரீட்சையைவிட உங்களுக்கு ஆடு பெரிதா என்று கேட்க வேண்டும். புதுச் செருப்பு எதற்கு வாங்கினீர்கள், அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்று கேட்க வேண்டும். கோழிப் பண்ணையைத் தாண்டினோம். ஏரிக்கரையைத் தாண்டினோம். பின்தங்கிய ஆடுகளை நாக்கைத் தட்டிச் சத்தம் கொடுத்து விரட்டிக்கொண்டே போனேன். மந்தைக்குப் பின்னால் நடப்பதுதான் எப்போதும் என் இடம். புழுதிக்கு முன்னால் யார் போகிறார் என்று பின்னால் இருந்து தெரியாது. குட்டி என் மார்புச் சூட்டில் தூங்கிவிட்டது.

ஒரு மணி நேரம் போயிருக்கும். பின்னால் டி.வி.எஸ். வண்டிச் சத்தம் கேட்டது. ஒதுங்கி நின்றேன். வண்டி என் பக்கத்தில் வந்து நின்றது. ஓட்டிக்கொண்டு வந்தவர் என் வீட்டுக்காரர்.

எனக்குப் பேய் அறைந்த மாதிரி ஆகிவிட்டது. முன்னால் இருக்க வேண்டியவர் பின்னாலிருந்து எப்படி வந்தார்?

"பாலு பொங்கி அடுப்பு அணைஞ்சு கெடக்குது. நீ எங்க போற?" என்றார்.

"நீங்க... முன்னால போறீங்கன்னு..."

"மந்தைய ரோடு தாட்டி உட்டுட்டு வரப்பு வழியா அப்பவே வந்துட்டனே. பசுவுக்குத் தீனி போடோணுமல்ல? பழைய செருப்பு முள்ளுக் குத்துதுன்னு புதுசு வாங்குனேன்." கொஞ்சம் நிறுத்தி, என்னை ஏற இறங்கப் பார்த்தார். "என்னையத் தேடீட்டா வந்த? ஒரு சத்தம் போட்டிருந்தா தம்பி சொல்லியிருப்பானே."

அவர் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டார். நிஜம்தானே. ஆற்றுக்கு அக்கரைக்குக் கேட்கிற மாதிரிக் கூப்பிடத் தெரிந்தவள் நான். ஒரு மணி நேரத்தில் ஒரு தடவைகூட அவரைக் கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டும் என்றே தோன்றவில்லை.

முன்னால் ஓடிப் போய்க் குட்டியைக் கொழுந்தனாரிடம் கொடுத்துவிட்டு வந்து வண்டியில் ஏறினேன். சேலை முழுக்க ஆட்டு வாடை.

மகள் பள்ளிச் சீருடையில், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வேலிக் கடவில் நின்றிருந்தாள். அன்றைக்கு அவளுக்குக் கணக்குப் பரீட்சை. பஸ் வந்துவிட்டுப் போயிருந்தது. அவள் அதில் ஏறவில்லை. நான் இறங்கியதும் என் முகத்தை உற்றுப் பார்த்தாள். அழுதிருக்கிறாள் என்று கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது.

"அப்பா போயிருவாருன்னுதாம்மா நெனச்சுப் பயந்துட்டு இருந்தேன்" என்றாள். "நீ போவீன்னு நெனைக்கவே இல்ல."

குட்டி ஈரமாக இருந்தது, தூக்க ஆள் இல்லை, அதனால்தான் போனேன் என்று சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். நான் சொன்னதை நம்பினாளா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. இவர் வண்டியைத் திருப்பி நிறுத்தி, "ஏறு சாமி, பரீட்சைக்கு நேரமாச்சு" என்றார். அவள் ஏறி உட்கார்ந்தாள். வண்டி கண்ணுக்கு மறையும்வரை திரும்பித் திரும்பி, நான் அங்கேயே நிற்கிறேனா என்று பார்த்துக்கொண்டே போனாள்.